ஏழாவது சிவப்பு

ஒரு பெரிய நாடு தன் அண்டை நாடுகளைச் சேர்த்து ஓர் அமைப்பை உருவாக்கி, அதற்குத் தலைமையும் ஏற்க விரும்பினால், முதலில் எதை விட்டுக்கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு டெல்லியில் முப்பத்தொரு ஆண்டுகள் பாடம் நடத்தினேன். அத்தனை ஆண்டுகளில் எந்த நாடும் என்னைக் கலந்தாலோசித்ததில்லை. ஓய்வுபெற்று விருதுநகரில் குடியேறிய பிறகு, சிவகாசியில் என் மைத்துனரின் அச்சகத்தில், ஒரு தினசரிக் காலண்டரை முன்னிட்டு அந்தக் கேள்வி என்னைத் தேடி வந்தது. நான் சொன்ன பதிலை அவர்கள் அப்படியே நடைமுறைப்படுத்தினார்கள். அதில் ஒரு நாடு காணாமல் போயிற்று.

அச்சகம் என் மனைவி பிறந்த வீட்டைச் சேர்ந்தது. என் ஆராய்ச்சியைப் பற்றி அவளுக்குத் திடமான கருத்து இருந்தது.

"ஏழு நாட்டை ஒரே மேசையில உக்கார வைக்கணும்னு பக்கம் பக்கமா எழுதுறீக. எங்க சித்தப்பா ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உக்கார வச்சுட்டு வாங்க. அப்புறம் படிச்சுப் பாக்கேன்" என்பாள்.

நான் அதை ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்டு, ஒரு திருமணத்தில் முயன்று பார்த்தேன். சித்தப்பாக்கள் இருவரும் வெவ்வேறு பந்தியில் சாப்பிட்டுவிட்டு, தனித்தனியாக வந்து அவளிடம் என்னைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள். "ஒரு விஷயத்திலாவது இருவரும் ஒத்துப்போனார்களே, அது தொடக்கம்தானே" என்றேன். அவள் என் நூலைக் கடைசிவரை படிக்கவில்லை.

ஆனால் காலண்டர்த் தாள்களை அவள் ஒரு எழுத்து விடாமல் படிப்பாள். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகளை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, ஆண்டுதோறும் அன்றிலிருந்து மார்கழிவரை அவள் தினமும் அச்சகத்துக்குப் போய்விடுவாள். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம் என்று முந்நூற்று அறுபத்தைந்து தாள்களையும் பச்சை மைப் பேனாவால் திருத்துவாள். அங்கே பிழை திருத்தச் சிவப்பு மை ஆகாது. சிவப்பு என்றால் விடுமுறை. திருத்துகிறவர் சிவப்பில் ஒரு கோடு போட்டால் எந்திரக்காரர் அந்த நாளுக்கு விடுமுறை கொடுத்துவிடுவார். பழைய இரு நிற அச்சு எந்திரத்தின் பக்கத்தில் அவளுடைய மேசை கிடந்தது. எந்திரம் ஓடினால் மேசையும் நடுங்கும். அந்த நடுக்கத்திலும் அவள் போடும் குறி கோணாது.

சென்ற சீசன் உச்சத்தில் ஒரு நாள் அச்சகம் அடைத்திருந்தது. சீசனில் அந்த அச்சகம் அடைத்ததாக எனக்குத் தெரிந்து அது ஒரே நாள். காரணம் அவள்.

இந்த ஆண்டு ஆடி பிறந்தபோது நான் விருதுநகரில் பேருந்து ஏறி, அவளுடைய காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை. எழுந்து போகவும் சொல்லவில்லை. ஒரு நிலப்பரப்பை இப்படித் தன்வசப்படுத்துவதற்குப் பன்னாட்டுச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொன்னால் மரியாதை குறையும் என்பதால் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

மைத்துனர் என் மனைவிக்கு இளையவர். என் முகத்துக்கு நேரே கடினமான எதையும் சொல்லக்கூடியவர் அல்லர். எந்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இதுக்கு இப்ப ஆர்டரே இல்ல அத்தான். எல்லாரும் புது மெஷினுக்குப் போயிட்டாக. இந்த ரூமை வெடிப்பெட்டி அடுக்க ஒரு கம்பெனி கேக்குது. இந்தச் சீசன்ல பெருசா ஒண்ணு வந்தா மெஷின் நிக்கும். வரலைன்னா குடுத்துருவேன்."

எந்திரத்தைச் சொன்னார். மேசையைச் சொல்லவில்லை. எந்திரம் போன பிறகு அந்த அறையில் மேசைக்கும், மேசையில் எனக்கும் வேலை இராது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் பெரிய ஆர்டரை நானே கொண்டுவந்தேன். என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருத்தி டெல்லியில் நல்ல பொறுப்பில் இருக்கிறாள். இந்தியாவும் அண்டையிலுள்ள ஆறு நாடுகளும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பின் கூட்டம், அடுத்த தை மாதம் இங்கே தமிழ்நாட்டில் நடப்பதாக இருந்தது. கூட்டத்தை ஏற்பாடு செய்வோரில் அவளும் ஒருத்தி. ஏழு நாட்டு அலுவலகங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஏதாவது நினைவுப் பொருள் அனுப்ப வேண்டும், யோசனை சொல்லுங்கள் என்று தொலைபேசியில் கேட்டாள்.

"தினசரிக் காலண்டர்" என்றேன். "மேலே தகரம் அடித்தது. நாளுக்கொரு தாள் கிழிப்பது."

சிரித்தாள். பிறகு, தான் சிரித்தது ஆசிரியரிடம் என்பது நினைவுக்கு வந்து, நல்ல யோசனை என்றாள். ஒரு நிபந்தனை இருந்தது. இத்தகைய அமைப்புகளில் எதுவும் வாக்கெடுப்பால் நடப்பதில்லை. எல்லோரும் ஒப்ப வேண்டும். முதலில் மாதிரிகளை அனுப்ப வேண்டும். ஏழு நாட்டுப் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டால்தான் அச்சடிக்கலாம். ஒருவர் மறுத்தாலும் இல்லை.

அச்சகத்தில் அன்று மாலையே கூட்டம் கூடியது. மைத்துனர், நான், கணினியில் பக்கம் அமைக்கும் பெண், காகித வியாபாரி பாய். அந்தப் பெண் சாத்தூர்ப் பக்கத்தவள். அச்சங்குளத்தில் வெடி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை என் மனைவிதான் இங்கே அழைத்து வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துத் தொழில் பழக்கினாள். பாய் விருதுநகர்க்காரர், நான் வரும் பேருந்தில் வருபவர், காகிதம் விற்க வந்து, கருத்தும் சொல்லிவிட்டுப் போவார்.

பிரச்சினை சிவப்பு மையில் தொடங்கியது. ஒரு நாட்டில் வார விடுமுறை வெள்ளி. இன்னொன்றில் சனி. நமக்கு ஞாயிறு. இதுபோக ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்க நீளத்துக்குப் பண்டிகைகள்.

மைத்துனர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "வெள்ளி, சனி, ஞாயிறு மூணும் செவப்பு. போக ஏழு நாட்டுத் திருவிழா. அத்தான், இதை மாட்டுன ஆபீசுல எவனும் வேலைக்கு வரமாட்டான்."

"பெருநாளுக்குத் தேதியைப் போட்டுறாதீக" என்றார் பாய். "பிறை தெரியணும். எங்க தெருவுலயே சில வருசம் ரெண்டு தடவை தெரியுது. ஏழு நாட்டுல எம்புட்டுத் தடவை தெரியுமோ."

"பேசாம அம்புட்டையும் கறுப்பா விட்டுருவோமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

முப்பத்தொரு ஆண்டுகளாக நான் காத்திருந்த கணம் அது என்று இப்போது தோன்றுகிறது. நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டு சொன்னேன்: ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு சிவப்பு. அந்த நாடு தன்னுடைய நாள் என்று கொண்டாடும் தேசிய நாள். ஏழு நாடு, ஏழு சிவப்பு. மற்ற எல்லா நாளும் கறுப்பு. நம் ஞாயிற்றுக்கிழமை உட்பட.

எந்திரம்கூட ஓடாமல் நின்றிருந்த நேரம் அது. மைத்துனர், இருக்கன்குடிக் கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையக் கறுப்புலயா?"

"கறுப்பில்."

"சிவகாசியிலயா அத்தான்?"

"பெரிய நாடு முதலில் தன் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க வேண்டும் மாப்பிள்ளை. அப்போதுதான் சின்ன நாடுகள் நம்பும்."

பாய் தாடியைத் தடவினார். "எங்க வெள்ளிக்கிழமையும் போச்சே சார்."

"போயிற்று பாய்."

"அப்பச் சரி. எல்லாருக்கும் சமமாப் போனா சரிதான்."

பன்னாட்டு அமைப்புகளைப் பற்றி என் நூலில் நானூறு பக்கங்களில் சொல்ல முயன்றதை, காகித வியாபாரி ஒரு வரியில் சொல்லிவிட்டு மீதித் தேநீரைக் குடித்தார்.

ஏழு நாடுகளின் பெயர்களையும் அவற்றின் எதிரே தேதிகளையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். எதையும் பார்க்காமல், நினைவிலிருந்து எழுதினேன்; அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எல்லாவற்றிலும் சிறிய நாட்டைக் கடைசியாக எழுதினேன். அந்தத் தேதியை எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. அது என் மனைவி இறந்த தேதி. பல ஆண்டுகளாக வகுப்பறையில் ஒப்பித்து வந்த தேதிதான். சென்ற ஆண்டு அது எங்கள் வீட்டுக்கும் வந்தபோது, இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதி முடித்து, மூடியை மாட்டினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பத்து நாளில் தாள்கள் திருத்தத்துக்கு வந்தன. முந்நூற்று அறுபத்தைந்திலும் மூலையில் பச்சைக் குறி இட்டேன். எல்லாவற்றையும் வாசித்தேன் என்று நான் சொல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்; குறி இட்டேன். பன்னிரண்டு மாதிரிகள் டெல்லிக்குப் போயின. அவற்றில் ஏழு, ஏழு நாட்டுப் பிரதிநிதிகளுக்கு.

ஒரு வாரம் கழித்து மாணவி கூப்பிட்டாள். அவள் குரலில் பணிவும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன.

"சார், ஒவ்வொரு தாளிலும் கீழே ராகு காலம் போட்டிருக்கிறது."

"இருக்காதே" என்றேன்.

"இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிறது சார். எமகண்டமும் இருக்கிறது."

கையிலிருந்த படியை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது. அவற்றுக்குப் பக்கத்திலேயே என் பச்சைக் குறியும் இருந்தது.

பக்கம் அமைக்கும் பெண்ணைக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

"வெறுந் தேதியா இருந்துச்சு சார். பாக்கவே மொட்டையா இருந்துச்சு. நம்ம ஊருலேர்ந்து போற தாளு. நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லாமப் போனா நம்மளத்தான கொறை சொல்லுவாக? அதான் எடம் இருக்கேன்னு சேத்துட்டேன். அவுகளுக்குத் தமிழ் தெரியாதுன்னு இங்கிலீசுல போட்டேன்."

அவளை நான் என்ன சொல்ல முடியும்? எழுதப்படாத ஒன்றைச் சேர்த்தது அவள் பிழை. எழுதப்பட்டிருந்ததைப் பார்க்காதது என் பிழை. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. திருமணமான நாள்முதல் தினமும் காலையில் என் மனைவி தாளைக் கிழித்து, காப்பியோடு எனக்கு அதை வாசித்துச் சொல்வாள். "இன்னிக்குப் பத்தரை பன்னெண்டு. அதுக்குள்ள எந்த நாட்டையும் சேத்து வச்சுறாதீக." வெளியுறவுக் கொள்கையில் ராகுவுக்கு இடமில்லை என்பேன். ராகுவுக்கு அது தெரியுமா என்பாள். எந்தக் கிழமைக்கு எந்த நேரம் என்று நான் ஒருநாளும் மனத்தில் வாங்கிக்கொண்டதில்லை. அது காகிதத்தில் இருக்கும் விஷயம் அன்று. காதில் விழும் விஷயம். ஆகவே காகிதத்தில் இருந்தபோது என் கண்ணுக்குப் படவில்லை.

டெல்லியில் விவகாரம் முற்றியிருந்தது. கூட்டத்தின் தொடக்க அமர்வை ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்திருந்தார்கள். மேலதிகாரி ஒருவர் காலண்டரில் அந்த நாளைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். இதிலெல்லாம் தனக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். இரண்டு நாளில் அமர்வு பன்னிரண்டே காலுக்கு மாறியது. நிர்வாகக் காரணங்கள்.

"வேறு ஆட்சேபணை வருமே" என்றேன். "அந்த ராகு காலம் நம்முடைய கடிகாரப்படி கணித்தது. ஒரு நாடு நமக்குக் கால் மணி முன்னால், சில அரை மணி, சில அதற்கும் மேல். பக்கத்து நாடுகளின் கெட்ட நேரத்தைக்கூடப் பெரிய நாடே நிர்ணயிக்கிறது என்பார்கள்."

"ஆய்வேட்டுக்கு நல்ல தலைப்பு சார்" என்றாள். பிறகு குரல் மாறியது. "ராகு காலத்தை எடுத்துவிட்டால் போதும் என்று இங்கே சொல்லிவிட்டார்கள். ஆறு நாடுகள் கையெழுத்துப் போட்டுவிட்டன. ஏழாவதுதான் வரவில்லை. எல்லாவற்றிலும் சின்ன நாடு. மாட்டோம் என்றும் சொல்லவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்."

பரிசீலனையிலேயே ஒரு மாதம் போயிற்று. புரட்டாசி வந்தது. அளவு நாடாவோடு ஒருவர் அறையை அளக்க வந்தார். எந்திரத்தின் நீளத்தை அளந்தார், சுவரை அளந்தார், மேசைக்கடியில் நாடாவை விட்டார். நான் காலைத் தூக்கிக்கொண்டேன். அவர் நன்றி சொன்னார். மைத்துனர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அந்த மாதம் முழுவதும், சிறிய நாடுகள் மௌனம் சாதிப்பது ஏன் என்பது பற்றி அச்சகத்தில் நான் பேருரைகள் நிகழ்த்தினேன். தங்கள் நம்பிக்கையில் இல்லாத ஒரு கிரகத்தைப் பெரிய அண்டை நாடு திணிப்பதாக அவர்கள் கருதுகிறார்கள் என்பது என் முடிவு. மாணவிக்கு நான்கு பக்கக் கடிதமும் எழுதினேன். அதில் ஒரு பிழையும் இல்லை, பொருத்தமும் இல்லை.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க அவுகளுக்கே ஒரு போனப் போட்டுக் கேக்கலாம்ல?" என்றார் பாய்.

அது மரபல்ல என்றேன்.

"மாமியா வீட்டுல மாப்பிள்ளை முறுக்கிக்கிட்ட மாதிரியில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் காகிதத்தை இறக்கப் போனார்.

ராகு காலம் நீக்கிய புதுப் படியை மைத்துனர் தயார் செய்துகொண்டிருந்த அன்று உண்மைக் காரணம் வெளிப்பட்டது. சிவப்பு மை ஏற வேண்டிய தாள்களைத் தனியே எடுத்து வைப்பது அவர் பழக்கம். எடுத்தார். எண்ணினார். விரலில் எச்சில் தொட்டு மறுபடி எண்ணினார்.

"அத்தான், நாடு எத்தனை?"

"ஏழு."

"செவப்பு ஆறுதான் வருது."

எனக்கு எண்ணத் தேவையிருக்கவில்லை. முந்நூற்று அறுபத்தைந்தில் நான் வாசிக்காத தாள் ஒன்றே ஒன்றுதான். அதற்கு முந்தைய தாளைப் புரட்டும்போது அதையும் சேர்த்துப் பிடித்து, முகத்தை எந்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, மூலையில் குறி மட்டும் இட்டிருந்தேன். இப்போது அந்தத் தாளை எடுத்தேன். தேதி கறுப்பில் இருந்தது. நாட்டின் பெயர் இல்லை. குறி மட்டும் கோணாமல் இருந்தது.

நானூறு பக்க நூலில் சிறிய நாடுகளின் கௌரவம் பற்றித் தனி அத்தியாயம் எழுதியவன், எல்லாவற்றிலும் சிறிய நாட்டை விட்டுவிட்டு மாதிரியை அந்த நாட்டுக்கே அனுப்பி, ஒப்புதலும் கேட்டிருக்கிறேன். டெல்லியில் ராகு காலத்தைக் கண்டுபிடித்தவர்கள் எவரும் சிவப்பை எண்ணவில்லை. கையெழுத்திட்ட ஆறு நாடுகளும் தத்தம் நாளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டிருக்கின்றன.

பக்கம் அமைக்கும் பெண் எழுந்து வந்தாள். தாளைப் பார்த்தாள்.

"நான்தான் சார் விட்டேன்."

"ஏன்?"

"நீங்க எழுதிக் குடுத்ததுல அந்தத் தேதி இருந்துச்சு. அது அக்கா போன நாளு. நெனப்புல கை அங்கன போயிருச்சு போலன்னு நெனச்சேன். சார் தப்பா எழுதியிருக்கீகளான்னு எப்பிடிக் கேப்பேன்? அக்கா போன நாளைச் செவப்புல போட மனசு வரல. கறுப்பாவே விட்டுட்டேன்."

"அந்த நாட்டின் தேசிய நாளும் அதுதான்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணா சார்?"

"ஒன்றுதான்."

"தப்புன்னா சார் திருத்துவாகன்னு இருந்தேன். நீங்க டிக்கு போட்டுத் தந்துட்டீக. சரி, சாருக்கும் அதான் சரின்னு படுதுன்னு அப்பிடியே விட்டுட்டேன்."

"நான் அந்தத் தாளை வாசிக்கவில்லை அம்மா."

மைத்துனர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா மட்டும் இருந்திருந்தா, ரெண்டு பேரையும் அந்த ஸ்கேலாலேயே சாத்தியிருப்பா" என்றார்.

ஸ்கேல் மேசைமேல்தான் இருந்தது. நான் அதைச் சற்று நகர்த்தி வைத்தேன்.

அடுத்து என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. மைத்துனரின் யோசனை எளிமையானது. "ராகு காலத்த எடுத்துட்டோம்னு சொல்லித்தான புதுசு அனுப்புறோம்? அதோட சேத்து இதையும் செவப்பாக்கித் தள்ளிவிட்டுருவோம் அத்தான். எவனும் எண்ணிப் பாக்கல. வாயைத் திறந்து சொன்னா ஆர்டர் போயிரும். மெஷினும் போயிரும்."

அரசுகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கின்றன. அவர் டெல்லியில் படிக்காமலேயே அந்த முடிவுக்கு வந்திருந்தார். அவர் சொன்னதில் ஒரே குறை, எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பது. அவர்கள்தான் ஒரு மாதமாகப் பேசாமல் இருக்கிறார்கள்.

"அவர்களுக்குத் தெரியும் மாப்பிள்ளை" என்றேன். "நாமாகச் சொல்கிறோமா என்று காத்திருக்கிறார்கள்."

அவர் எந்திரத்தைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "எழுதுங்க" என்றார்.

இம்முறை கடிதம் நான்கு பக்கம் இல்லை, நான்கு வரி. உங்கள் தேசிய நாள் மாதிரிக் காலண்டரில் விடுபட்டது அச்சகத்தின் பிழையோ எங்கள் நாட்டின் எண்ணமோ அன்று. பிழை திருத்தியவனுடைய பிழை. அதே தேதியில் அவன் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்ததால், அந்த ஒரு தாளை அவன் வாசிக்காமல் குறி இட்டான். மன்னிக்கக் கோருகிறான். கையெழுத்திட்டு, திருத்திய தாளையும் சேர்த்து மாணவிக்கு அனுப்பினேன். வரிசைப்படி போகாமல், நேரே அந்தப் பிரதிநிதியின் கையில் கொடுக்கச் சொன்னேன். மரபல்லதான்.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. அந்த நாள்களில் அச்சகத்தில் எல்லோரும் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அது எனக்கு அச்சமூட்டியது. பாய் ஒரு நாள் எனக்கும் சேர்த்துப் பேருந்துச் சீட்டு எடுத்தார்.

பதின்மூன்றாம் நாள் மாணவி கூப்பிட்டாள். கையெழுத்து வந்துவிட்டது என்றாள். மைத்துனருக்குக் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"பிரதிநிதி வயதானவர் சார். உங்கள் கடிதத்தை என் முன்னாலேயே இரண்டு முறை படித்தார். 'எங்கள் நாளை விட்டுவிட்டீர்கள் என்று நாங்களே வந்து சொல்வதா? உங்களுக்குத் தானாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்' என்றார். உடனே கையெழுத்துப் போட்டார். உங்கள் வீட்டில் யார் என்று கேட்டார். சொன்னேன்."

"சரி" என்றேன்.

"இன்னொன்றும் கேட்டார். இது அலுவல்முறையில் இல்லை என்றார். பழைய மாதிரியில் கீழே ஒரு கெட்ட நேரம் போட்டிருந்ததே, அது உங்கள் கடிகாரப்படியா, எங்கள் கடிகாரப்படியா என்று."

மைத்துனர் சிரிப்பை அடக்க எந்திரத்தின் பின்னால் போய்விட்டார். நான் பக்கம் அமைக்கும் பெண்ணைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அதைத் தொழில்முறைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள்.

"நம்ம கடிகாரந்தான் சார். அவுக ஊருல நமக்கு முன்னாடியே விடிஞ்சிருமாம்ல? அவுக கடிகாரத்துக்கு அரை மணி கூட்டிக்கிடச் சொல்லுங்க."

அந்த அமைப்பில் என் அறிவுக்கு எட்டியவரை முழுமையான புரிந்துணர்வோடு நடந்த ஒரே தொழில்நுட்பப் பரிமாற்றம் அது.

ஐப்பசி கடைசியில் அச்சு ஓடியது. தீபாவளி வேலை முடிந்து, வெடி ஆலைகள் பூட்டி, ஊர் அயர்ந்திருந்த வாரம். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கறுப்பாக ஓடுவதைப் பார்க்கச் சகிக்காமல் எந்திரக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிவப்புத் தாள்கள் தனியாக ஓடின. ஏழாவது தாள் வந்ததும் அந்தப் பெண் ஈரம் காயுமுன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"பாருங்க சார்" என்றாள். போகாமல் பக்கத்திலேயே நின்றாள். இனி என் குறியை அவள் நம்புவதாக இல்லை.

வாசித்தேன். ஆண்டு, மாதம், தேதி, கிழமை, நாட்டின் பெயர். மேலிருந்து கீழே, ஒரு எழுத்து விடாமல். திதிப்படி என் மனைவியின் நாள் வேறொரு தேதியில் வருகிறது. அதற்கு வேண்டியதை மைத்துனர் வீட்டில் செய்வார்கள். இந்தத் தேதி எனக்கு. அடுத்த ஆண்டு இது ஏழு நாட்டு அலுவலகச் சுவர்களில் சிவப்பாகத் தொங்கும். ஒரு சிறிய நாட்டின் பொருட்டு, முறைப்படி, ஏழு பேர் கையெழுத்தோடு. எவரும் இதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. அவள் இருந்தால், பன்னாட்டு அமைப்பை வைத்து நான் சாதித்த ஒரே காரியம் இது என்று சொல்லியிருப்பாள்.

எந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் மேசை நடுங்கியது. பச்சைக் குறி கொஞ்சம் கோணிவிட்டது. அந்தப் பெண் அதைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனாள். மைத்துனர் அந்தப் பக்கத்திலிருந்து, "அடுத்த வருசத்தை அடுத்த வருசம் பாப்போம் அத்தான்" என்று சத்தம் போட்டுச் சொன்னார்.

தாளின் அடியில், ராகு காலம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அந்தப் பெண் சொன்னது சரிதான். பார்க்க மொட்டையாகத்தான் இருந்தது. அன்றைக்கு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று அவளைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. அதை எனக்கு வாசித்துச் சொல்வது வேறொருத்தியின் வேலை.